ஒரே ரவுட்டருக்குப் பின்னால் நான்கு கணினிகள்: வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் எடுப்பது எப்படி?

நாலுபெட்டி

சின்ன அலுவலகம். ஒரே இணைய இணைப்பு, ஒரே ரவுட்டர், பின்னால் நான்கு கணினிகள். மூன்றில் விண்டோஸ் 11 ப்ரோ, ஒன்றில் விண்டோஸ் 11 ஹோம். உள்ளே இருக்கும்போது ப்ரோ கணினிகளை ரிமோட் டெஸ்க்டாப்பில் (ஒரு கணினியை இன்னொன்றிலிருந்து இயக்கும் விண்டோஸ் வசதி) எடுக்க முடிகிறது. வெளியிலிருந்து ஒன்றுமே வருவதில்லை. ரிமோட் டெஸ்க்டாப்பின் போர்ட் (இணைப்பு வாசல் எண்) 3389. ரவுட்டரில் அதை ஃபார்வர்ட் செய்தால், அதாவது அங்கே வருவதை உள்ளே அனுப்பும் விதி போட்டால், ஒரு உள்முகவரிதான் ஏற்கிறது. அதே போர்ட்டுக்கு இரண்டாவது விதி போட்டால் "ஏற்கெனவே உள்ளது" என்கிறது. நான்கு பேரும் வீட்டிலிருந்து அவரவர் கணினியை எடுக்க வேண்டும். வழி சொல்லுங்கள்.

ரவுட்டர்ராசா

ரவுட்டர் சொல்றது சரிதான். வெளியிலிருந்து பார்த்தா உங்களுக்கு ஒரே ஒரு முகவரி. அதுல 3389-க்கு வர்ற பாக்கெட்டை நாலு பேர்ல யாருக்குக் கொடுக்கிறதுன்னு ரவுட்டருக்கு எப்படித் தெரியும்? அதனால வெளிப்பக்கம் ஆளுக்கொரு போர்ட் வெச்சுக்கணும்:

வெளி 33891 → 192.168.1.21, உள் 3389
வெளி 33892 → 192.168.1.22, உள் 3389
வெளி 33893 → 192.168.1.23, உள் 3389

உள் போர்ட் எல்லாத்துக்கும் 3389 தான். கணினியில எதையும் மாத்த வேண்டாம். எடுக்கும்போது கணினிப் பெயர் கட்டத்துல வெளிமுகவரி, ஒரு முக்காற்புள்ளி, அப்புறம் 33892 அப்படின்னு போடணும். விதி போடும்போது டிசிபி, யுடிபின்னு ரெண்டு அனுப்புற முறையையும் சேருங்க. டிசிபி மட்டும் இருந்தாலும் ஓடும், ஆனா திரை இழுக்கும்.

சில மலிவு ரவுட்டர்ல வெளி போர்ட்டும் உள் போர்ட்டும் ஒண்ணாத்தான் இருக்கணும். அப்ப மட்டும் ஒவ்வொரு கணினியிலும் ரிஜிஸ்ட்ரியில (விண்டோஸ் தன் அமைப்புகளை வெச்சிருக்கிற இடம்) ஆர்டிபி-டிசிபி சாவிக்குள்ள (ஆர்டிபின்னா ரிமோட் டெஸ்க்டாப் பேசுற முறை) போர்ட் நம்பரை மாத்தணும். அங்க பெட்டி திறக்கும்போது பதினாறடிமான எண்ல நிக்கும். டெசிமல்னு மாத்தாம 3390-னு அடிச்சீங்கன்னா கணினி 13200-ல கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கும், நீங்க 3390-ல தட்டிக்கிட்டே இருப்பீங்க. மாத்தின போர்ட்டுக்கு விண்டோஸ் ஃபயர்வால்ல புது விதியும் வேணும். ஏற்கெனவே இருக்கிற விதி 3389-ஐ மட்டும்தான் திறக்கும்.

பூட்டுக்காரன்

ராசா சொன்னது வேலை செய்யும். ஆனால் செய்யாதீர்கள், நாலுபெட்டி. ரிமோட் டெஸ்க்டாப்பை நேராக இணையத்துக்குத் திறப்பது உங்கள் அலுவலக உள்நுழைவுத் திரையை உலகத்தில் எல்லோருக்கும் காட்டுவதாகும்.

போர்ட்டை 33891 என்று மாற்றினால் மறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஸீமேப் கருவி, ஒரே கணினியிலிருந்து கிகாபிட் இணைப்பில், ஐபிவி4 (இணையத்தின் பழைய முகவரி முறை) முகவரிகள் முழுவதிலும் ஒரு போர்ட்டை 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். எந்த போர்ட்டில் இருந்தாலும் ஆர்டிபி கைகுலுக்கும்போதே தான் யாரென்று சொல்லிவிடும். அது காட்டும் சான்றிதழில் கணினியின் பெயரே இருக்கும்.

கடவுச்சொல் வலுவாக இருந்தால் போதும் என்பதும் சரியல்ல. 2019 மே மாதம் திருத்தப்பட்ட புளூகீப் ஓட்டைக்குக் கடவுச்சொல்லே தேவைப்படவில்லை. உள்நுழைவுக்கு முன்பே தாக்க முடிந்தது. விண்டோஸ் 7, சர்வர் 2008 வரிசை, அதற்கும் பழையவை அதில் சிக்கின. ஆதரவு நின்றுபோன எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் கொடுத்தது. விண்டோஸ் 10 அதில் தப்பியது. அடுத்த ஓட்டையில் எது தப்பும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

சரியான வழி: ரவுட்டரில் விபிஎன், அதாவது வெளியிலிருந்து அலுவலக வலைக்குள் வரும் பூட்டிய தனிப்பாதை. வெளியில் திறப்பது ஒரே ஒரு போர்ட். உள்ளே வந்தபின் ப்ரோ கணினிகள் மூன்றையும் அவற்றின் உள்முகவரியிலேயே 3389-இல் எடுக்கலாம். உங்கள் "இரண்டாவது விதி ஏற்கவில்லை" சிக்கலும் அங்கேயே முடிந்தது.

இரவுநேரம்

கணக்குப் பூட்டு இருக்கிறதே? விண்டோஸ் 11-இன் புதிய நிறுவல்களில் 10 தவறான முயற்சிக்கு 10 நிமிடம் கணக்கு பூட்டிக்கொள்கிறது. அது போதாதா?

பூட்டுக்காரன்

திறந்த போர்ட்டோடு சேரும்போது அந்தப் பூட்டே உங்களுக்கு எதிரியாகும். வெளியே யாரோ ஒருவர் உங்கள் பயனர்பெயரை ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தால், கணக்கு பூட்டியபடியே இருக்கும். சரியான கடவுச்சொல்லோடு நீங்கள் வந்தாலும் உள்ளே விடாது. பூட்டை எடுத்தால் அவர் இரவெல்லாம் அடிப்பார். இரண்டு பக்கமும் நட்டம்.

போர்ட்டைத் திறந்தே ஆக வேண்டும் என்றால் ஒரே நிபந்தனை: வருபவரின் வெளிமுகவரி நிலையானதாக இருக்க வேண்டும், ரவுட்டர் விதியில் அந்த மூலமுகவரிக்கு மட்டும் அனுமதி தர வேண்டும். வீட்டு இணைப்புகளில் முகவரி மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே உங்களுக்கு அது ஒத்துவராது.

ரவுட்டர்ராசா

ஒத்துக்கிறேன், விபிஎன் தான் நல்லது. கேட்ட கேள்விக்கு விடை சொன்னேன், அவ்வளவுதான்.

விபிஎன்னோ ஃபார்வர்டிங்கோ, அதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க நாலுபெட்டி. ரவுட்டர்ல வான் பக்கத்துல (இணையத்தை நோக்கின பக்கம்) என்ன முகவரி காட்டுது? பிரவுசர்ல "என் ஐபி என்ன"ன்னு தேடினா என்ன வருது? ரெண்டும் ஒண்ணா இல்லையா?

நாலுபெட்டி

ஒன்றாக இல்லை. ரவுட்டரில் 192.168.0.2 என்று இருக்கிறது. பிரவுசரில் வேறு ஏதோ வருகிறது.

ரவுட்டர்ராசா

அதான் விஷயம். நீங்க என்ன விதி போட்டிருந்தாலும் வெளியிலிருந்து வந்திருக்காது. இணைய நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டியே ஒரு ரவுட்டரா வேலை செய்யுது, அதுக்குப் பின்னாடி உங்க ரவுட்டர். ரெட்டை நாட் (பல உள்முகவரியை ஒரே முகவரிக்குப் பின்னால வைக்கிறது நாட், இங்க அது ரெண்டு தடவை). வெளியிலிருந்து வர்ற பாக்கெட் முதல் பெட்டியிலேயே நின்னுடும்.

ரெண்டு வழி. ஒண்ணு, ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு (ரவுட்டரா இல்லாம வெறுமனே கடத்துற முறை) மாத்தச் சொல்லுங்க. அப்ப பிபிபிஓஇ (இணைய நிறுவனத்துல நுழையற முறை) பயனர்பெயரும் கடவுச்சொல்லும் உங்க ரவுட்டர்ல போடணும், அதை முன்னாடியே கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க. இல்லேன்னா பெட்டிக்குள்ள போய், விபிஎன் போர்ட்டை மட்டும் 192.168.0.2-க்கு ஃபார்வர்ட் பண்ணுங்க, அப்புறம் உங்க ரவுட்டர் பாத்துக்கும். பிரிட்ஜ் தான் சுத்தம். முடிச்சதும் வான் முகவரியை மறுபடி பாருங்க.

மறுபடி பார்க்கும்போது 10-ல தொடங்கினாலோ, 172.16-இலிருந்து 172.31-க்குள்ள இருந்தாலோ, 192.168-ஆ இருந்தாலோ இன்னும் நாட்டுக்குப் பின்னாடிதான் இருக்கீங்க. 100.64-இலிருந்து 100.127-க்குள்ள இருந்தா அது சிஜிநாட்: நிறுவனமே பல வாடிக்கையாளரை ஒரே வெளிமுகவரிக்குப் பின்னால வெச்சிருக்கு. அங்க உங்க பக்கம் எந்த விதி போட்டும் பிரயோசனம் இல்லை.

வெறும்தாள்

எனக்கு அந்த 100.80 தான் வருகிறது. அப்படியானால் வழியே இல்லையா?

பூட்டுக்காரன்

இருக்கிறது, வெறும்தாள். முதலில் நிறுவனத்திடம் பொது ஐபி கேளுங்கள். பலர் தனிக்கட்டணத்துக்குத் தருவார்கள். நிலையான முகவரிதான் வேண்டும் என்பதில்லை. மாறுகிற பொது முகவரி போதும், டைனமிக் டிஎன்எஸ் (மாறும் முகவரியை ஒரே பெயரோடு கட்டிவைக்கும் சேவை) மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

அது கிடைக்காவிட்டால், உள்ளிருந்து வெளியே கிளம்பும் இணைப்பால்தான் முடியும். டெயில்ஸ்கேல், ஸீரோடியர் போன்ற பின்னல் விபிஎன்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் வெளியே பேசி நடுவில் சந்திக்க வைக்கும். நேரிணைப்பு அமையாவிட்டால் இடைச் சர்வர் வழியாக ஓடும், கொஞ்சம் மந்தமாக. அல்லது பொது முகவரி உள்ள ஒரு சிறு வாடகைச் சர்வரில் வயர்கார்ட் என்ற விபிஎன்னைப் போட்டு, அலுவலக ரவுட்டரையும் வீட்டுக் கணினிகளையும் அதோடு இணைக்கலாம்.

ஐபிவி6 (புதிய முகவரி முறை) இரண்டு பக்கமும் இருந்தால் நாட்டே கிடையாது. ஆனால் அங்கும் ரவுட்டரின் ஃபயர்வால் உள்வருவதை அடைத்துத்தான் வைத்திருக்கும். அதில் விபிஎன் போர்ட்டை மட்டும் திறக்கவும், 3389-ஐ அல்ல.

சிறு எச்சரிக்கை: டெயில்ஸ்கேலும் அதே 100.64 வரம்பில்தான் முகவரி கொடுக்கிறது. டெயில்ஸ்கேல் போட்ட கணினியில் 100-இல் தொடங்கும் முகவரியைப் பார்த்து "சிஜிநாட் வந்துவிட்டது" என்று பதறாதீர்கள். ரவுட்டரின் வான் பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.

நாலுபெட்டி

பிரிட்ஜுக்கு மாற்றியாயிற்று. வான் முகவரியும் பிரவுசரில் வருவதும் இப்போது ஒன்று. ரவுட்டரில் ஓபன்விபிஎன், வயர்கார்ட் இரண்டும் இருக்கின்றன. எதை எடுப்பது?

பூட்டுக்காரன்

வயர்கார்ட். வேகம், குறைந்த அமைப்பு வேலை, இன்னொரு நல்ல குணமும்: சரியான சாவி இல்லாத பாக்கெட்டுக்கு அது பதிலே சொல்லாது. தட்டிப் பார்ப்பவருக்கு அங்கே ஒன்றும் இல்லாதது போலவே இருக்கும்.

வரிசை இது. இரண்டாவதைச் செய்யாமல் விட்டுவிடாதீர்கள்.

1. கணினிகளுக்கு நிலையான உள்முகவரி. கணினியில் கையால் போடுவதைவிட ரவுட்டரின் டிஎச்சிபி (உள்முகவரி வழங்கும் பகுதி) ஒதுக்கீட்டில் மேக் முகவரியை (கணினியின் வன்பொருள் முகவரி) கட்டிவைப்பது நல்லது. வைஃபையில் இருக்கும் கணினியில் "சீரற்ற வன்பொருள் முகவரி" அமைப்பை அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒதுக்கீடு பிடிக்காது.

2. அலுவலக வலையின் எண்ணை மாற்றுங்கள். இப்போது 192.168.1 என்று வைத்திருக்கிறீர்கள். வீட்டு ரவுட்டர்களில் பாதி அதே எண்தான். இரண்டு பக்கமும் 192.168.1.0/24 (192.168.1 என்று தொடங்கும் முகவரிகள் எல்லாம்) என்றால், 192.168.1.22-ஐக் கேட்டவுடன் வீட்டுக் கணினி அதைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடும். விபிஎன் பச்சையாகக் காட்டும், ஆர்டிபி மட்டும் வராது. அலுவலகத்தை 192.168.57.0/24 போல யாரும் வைக்காத எண்ணுக்கு இப்போதே மாற்றுங்கள். ஒதுக்கீடுகளையும் அதற்கேற்ப மாற்றி, பிரிண்டருக்கும் புது முகவரி கொடுக்க மறக்க வேண்டாம்.

3. வயர்கார்ட் சர்வர்: முகவரி 10.9.0.1/24, கேட்கும் போர்ட் யுடிபி 51820. ரவுட்டரே சர்வர் என்பதால் போர்ட் ஃபார்வர்டிங் தேவையில்லை, வான் பக்கம் அந்த போர்ட்டை அனுமதித்தால் போதும். பல ரவுட்டர்கள் தாமே அனுமதித்துக்கொள்ளும்.

4. ஒவ்வொருவருக்கும் தனி இணையர் (விபிஎன்னில் அவருக்கான சொந்தச் சாவியும் முகவரியும் உள்ள பதிவு): 10.9.0.2, 10.9.0.3 என்று. சர்வர் பக்கம் அனுமதிக்கப்பட்ட ஐபி அந்த ஒரே முகவரி, /32. ஒரே கோப்பை இரண்டு பேருக்குக் கொடுத்தால் இருவரும் ஒருவரையொருவர் உதைத்துத் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். இணைப்பு வந்து வந்து போகும்.

5. வீட்டுப் பக்கம் அனுமதிக்கப்பட்ட ஐபி: 192.168.57.0/24 மற்றும் 10.9.0.0/24. அங்கே 0.0.0.0/0 (எல்லா முகவரியும்) என்று விட்டால் அவர்கள் வீட்டில் பார்க்கும் வீடியோகூட அலுவலக இணைப்பைச் சுற்றி வரும்.

6. முகவரி மாறக்கூடியது என்பதால் ரவுட்டரில் டைனமிக் டிஎன்எஸ் போட்டு, வீட்டுப் பக்கம் எண்ட்பாயிண்ட் (சர்வரின் வெளிமுகவரி) கட்டத்தில் அந்தப் பெயரைக் கொடுங்கள். வயர்கார்ட் அந்தப் பெயரைத் தொடங்கும்போது ஒருமுறைதான் தேடும். இடையில் அலுவலக முகவரி மாறினால் டனலை (விபிஎன் இணைப்பை) அணைத்துப் போட வேண்டும். "நேற்று வந்தது, இன்று வரவில்லை" என்று யார் சொன்னாலும் முதலில் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

7. பழைய 3389 ஃபார்வர்டிங் விதியை நீக்குங்கள். யுபிஎன்பியையும் (கணினிகள் தாமே ரவுட்டரில் போர்ட் திறக்க விடும் வசதி) அணையுங்கள்.

இரவுநேரம்

ஒன்று சேர்க்கிறேன். சோதனையை அலுவலக வைஃபையில் இருந்தபடி செய்யாதீர்கள். உள்ளிருந்து சொந்த வெளிமுகவரியைக் கூப்பிட்டால் பல ரவுட்டர்கள் அதைத் திருப்பி அனுப்பாது. போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவை மடிக்கணினிக்குப் பகிர்ந்து சோதியுங்கள்.

நாலுபெட்டி

டனல் வருகிறது, கைகுலுக்கல் நேரமும் காட்டுகிறது. ஆனால் 57.21-க்குப் பிங் (கணினி எட்டுகிறதா என்று பார்க்கும் சோதனை) போகவில்லை. 57.22 ஆர்டிபி வருகிறது, பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது, "தவறு" என்கிறது. 57.23-இல் உள்நுழைந்ததும் கருந்திரை, பிறகு துண்டிப்பு. மூன்றும் மூன்று விதம்!

ரவுட்டர்ராசா

மூணும் வேற வேற காரணம். ஒண்ணொண்ணா பாப்போம்.

57.21: பிங்கை நம்பாதீங்க. விண்டோஸ் ஃபயர்வால் பிங்குக்குப் பதில் சொல்லாமலும் ஆர்டிபியை விடும். பவர்ஷெல்லுல டெஸ்ட்-நெட்கனெக்ஷன் கட்டளையில முகவரியும் போர்ட் 3389-ம் கொடுத்துப் பாருங்க. டிசிபி சோதனை "ட்ரூ"ன்னு வந்தா வழி திறந்திருக்கு. "ஃபால்ஸ்"னா அந்தக் கணினியில ரிமோட் டெஸ்க்டாப் ஆன் ஆகியிருக்கான்னு பாருங்க. கணினியில வேற ஆன்ட்டிவைரஸ் ஃபயர்வால் இருந்தா அதையும் பாருங்க. உள்வலையிலிருந்து வர்றதை விட்டுட்டு, 10.9.0.2 மாதிரி வேற வலையிலிருந்து வர்றதை அது மறிக்கும். 0x204-ன்னு பிழை எண் வந்தாலும் பெரும்பாலும் இதே கதைதான்: கணினியை எட்டவே இல்லை.

57.22: மைக்ரோசாஃப்ட் கணக்குல உள்ள நுழையற கணினியா? பின் எண் ரிமோட்ல செல்லாது. பயனர்பெயர் கட்டத்துல மைக்ரோசாஃப்ட்அக்கவுண்ட்னு ஆங்கிலத்துல, இடையில இடைவெளி இல்லாம அடிச்சு, பின்சாய்வுக் கோடு போட்டு, முழு மின்னஞ்சல் முகவரி. கடவுச்சொல் அந்த மின்னஞ்சல் கணக்கோடது. இன்னொண்ணு, அந்தக் கணினியில இதுவரைக்கும் பின் எண்ணுல மட்டுமே நுழைஞ்சிருந்தா அதுக்கு உங்க கடவுச்சொல் தெரியாது. அமைப்புகள்ல "விண்டோஸ் ஹலோ மட்டும்"ங்கிறதை அணைச்சு, நேர்ல ஒரு தடவை கடவுச்சொல் அடிச்சு நுழைங்க. கடவுச்சொல்லே இல்லாத உள்ளூர்க் கணக்கும் ரிமோட்ல வராது. விண்டோஸ் அதை வேணும்னே தடுத்து வெச்சிருக்கு. நிர்வாகி அல்லாத ஆளா இருந்தா ரிமோட் டெஸ்க்டாப் பயனர் குழுவுல சேர்க்கணும்.

57.23-க்குப் பூட்டுக்காரன் சொல்லட்டும்.

பூட்டுக்காரன்

சின்ன பாக்கெட் போகிறது, பெரிய பாக்கெட் போகவில்லை என்பதன் அடையாளம் அது. உள்நுழைவு உரையாடல் சிறியது, திரையின் படம் பெரியது. ஆகவே திரை வரும் நேரத்தில் சாகிறது.

வயர்கார்ட் வழக்கமாக எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, பைட்டில்) 1420 வைக்கும், அது 1500 உள்ள இணைப்புக்கான கணக்கு. பிபிபிஓஇ 8 பைட்டைத் தின்றுவிடுவதால் உங்களிடம் 1492 தான். வயர்கார்டின் மேல்சுமை ஐபிவி4 மேல் 60 பைட், ஐபிவி6 மேல் 80. 1492-இலிருந்து 80 கழித்தால் 1412. இரண்டு முனையிலும் 1412 போடுங்கள். மொபைல் டேட்டாவில் நடுவில் இன்னும் குறுகலான பாதை இருக்கலாம். அங்கும் கருந்திரை என்றால் 1280-க்கு இறக்கிச் சோதியுங்கள். 1280-இலும் அதே என்றால் சிக்கல் எம்டியு அல்ல. அந்தக் கணினியின் டிஸ்ப்ளே டிரைவரைப் பாருங்கள்.

நாலுபெட்டி

மூன்றும் வந்துவிட்டன. 57.21-இல் ஆன்ட்டிவைரஸ் ஃபயர்வால், 57.22-இல் பின் எண், 57.23-இல் எம்டியு, 1412-இல் நின்றது. இனி நான்காவது, விண்டோஸ் ஹோம். அதில் ரிமோட் டெஸ்க்டாப் பொத்தானே இல்லை.

இரவுநேரம்

ஹோம் பதிப்பு மற்றதை எடுக்கும், தன்னை எடுக்க விடாது. ப்ரோவுக்கு உயர்த்துவது ஒழுங்கான வழி. விசையைப் போட்டு மறுதொடக்கம் செய்தால் முடிந்தது, கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. உயர்த்த விருப்பமில்லை என்றால் டைட்விஎன்சி (திரையைப் பகிரும் தனி மென்பொருள்) போட்டு 5900-இல், அதே விபிஎன் வழியாக எடுங்கள். ஒலி வராது, திரை ஆர்டிபி அளவுக்கு வழுக்கிக்கொண்டு ஓடாது, ஆனால் முன்னால் உட்கார்ந்திருப்பவரும் அதே திரையைப் பார்க்கலாம். ஆர்டிபியில் அது நடக்காது: நீங்கள் வெளியிலிருந்து நுழைந்தால் அங்கே திரை பூட்டிக்கொள்ளும். சர்வர் அல்லாத விண்டோஸில் ஒரு நேரத்தில் ஒருவர்தான்.

ஹோம் பதிப்பில் ஆர்டிபியைத் திறந்துவிடும் ஒட்டுக் கோப்புகள் இணையத்தில் உலவுகின்றன. ஒவ்வொரு விண்டோஸ் புதுப்பிப்புக்கும் உடையும், உரிம விதிக்கும் புறம்பானது. அலுவலகக் கணினியில் அது வேண்டாம்.

பூட்டுக்காரன்

இப்போது உள்ளே வரும் எவரும் நான்கு கணினிகளையும் தட்டலாம். ரவுட்டர் ஃபயர்வாலில் ஆளுக்கொரு விதி போடுங்கள்: 10.9.0.2-இலிருந்து 192.168.57.21-இன் 3389-க்கு மட்டும், டிசிபி, யுடிபி, 10.9.0.3-இலிருந்து 57.22-க்கு மட்டும்; இப்படியே. விஎன்சி ஆளுக்கு 5900. கடைசியில் 10.9.0.0/24-இலிருந்து உள்வலைக்கு மற்ற எல்லாம் மறுப்பு. யாராவது வேலையை விட்டால் அவர் இணையரை நீக்கினால் போதும். மற்றவர் சாவியைத் தொட வேண்டாம்.

குடும்பத்தார் எல்லோரும் புழங்கும் வீட்டுக் கணினியிலிருந்து வருகிறார்கள் என்றால் ரிமோட் டெஸ்க்டாப்பின் "உள்ளூர் வளங்கள்" பகுதியில் டிரைவ் பகிர்வை அணைக்கச் சொல்லுங்கள்.

வெறும்தாள்

கணினி தூங்கிப்போனால்? யாராவது போய் எழுப்ப வேண்டுமா?

ரவுட்டர்ராசா

மின் அமைப்புல, மின்சாரத்துல இருக்கும்போது தூக்கம் "ஒருபோதும் வேண்டாம்". திரை மட்டும் அணையட்டும். பயாஸ்ல "மின்சாரம் போய் வந்தா தானே ஆன் ஆகு"ங்கிற அமைப்பையும் போடுங்க.

அணைச்சே வெச்சு வேணும்போது எழுப்பணும்னா வேக்-ஆன்-லேன். எழுப்புற பாக்கெட்டுல 6 பைட் எஃப்எஃப், அப்புறம் மேக் முகவரி 16 தடவை, மொத்தம் 102 பைட். அது உள்வலை ஒலிபரப்பா போற பாக்கெட், அதனால விபிஎன் வழியா வீட்டிலிருந்து அனுப்பினா பெரும்பாலும் போய்ச் சேராது. விபிஎன்ல நுழைஞ்சு ரவுட்டர் பக்கத்தைத் திறந்து, அங்க இருக்கிற எழுப்பு பொத்தானை அமுக்குங்க. ரவுட்டரே உள்ளே அனுப்பும். மேல சொன்ன மறுப்பு விதி போட்டிருந்தா, நிர்வாகி முகவரிக்கு மட்டும் ரவுட்டர் பக்கத்தைத் திறந்து விடுங்க. கம்பி இணைப்பு வேணும், பயாஸ்லயும் நெட்வொர்க் கார்டு பண்புகள்லயும் அனுமதி வேணும், விண்டோஸோட வேகத் தொடக்கத்தை அணைக்கணும். இல்லேன்னா முழுசா அணைச்ச கணினி பல நேரம் எழாது.

நாலுபெட்டி

நான்கும் வருகின்றன. விஎன்சி ஹோமில் ஓடுகிறது. கடைசி சந்தேகம்: ஆர்டிபியில் இருக்கும்போது தொடக்கப் பட்டியில் மறுதொடக்கம் பொத்தான் சில கணக்குகளில் தெரிவதில்லை. எப்படிச் செய்வது?

இரவுநேரம்

டெஸ்க்டாப்பின் வெற்றிடத்தில் ஒருமுறை சொடுக்கி ஆல்ட்+எஃப்4. வரும் பெட்டியில் மறுதொடக்கம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்போதும் அது பட்டியலில் இல்லையென்றால் அந்தக் கணக்குக்கு உரிமை இல்லை. நிர்வாகி கணக்கில் வந்து செய்யுங்கள். கைதவறி "அணை"யைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். வேக்-ஆன்-லேன் அமைக்காத கணினி என்றால் யாராவது நேரில் போய்த்தான் பொத்தானை அமுக்க வேண்டும்.